அக்கரைச் சரிவில் பதினான்கு கூடாரங்கள்

வடக்கே, பனிமலைக்குக் கீழே இருக்கும் முன்சியாரி கடைத்தெருவில் கேசர் சிங்குக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடத்துக் குழுப் படம் என்று குடும்பம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் மனசு வருஷம் முழுவதும் மே மாதத்துக்காகக் காத்திருக்கும். பனியாறுகளை ஆராயும் ஒரு நிறுவனம் ஆறு வருஷமாக அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. கல்சா மலைமுகட்டில் ஏறி, அங்கே பாறையில் பதித்திருக்கும் இரும்புத் தகட்டின் மேல் அவர்கள் கொடுத்த கேமராவை மாட்டி, எதிரே நிற்கும் நாகினி சிகரத்தைப் பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று வேளை படம் எடுக்க வேண்டும். அதே இடம், அதே கேமரா, அதே லென்ஸ். அழகு பார்க்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, மேகம் நல்லா இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. பொத்தானை அமுக்குவதுதான் வேலை.

ஆறாத மனசுக்கு அவன் தன்னுடைய இரண்டு கேமராக்களையும் கூடவே தூக்கிப் போவான். ஒன்றில் அகல லென்ஸ். அது வானத்தையும் சிகரத்தையும் கீழே ரத்னி ஆற்றின் பள்ளத்தையும் ஒரே வாயில் விழுங்கிவிடும். விடுதிக்காரர்கள் வாங்கிப் போகும் காலண்டர் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. இன்னொன்றில் நீள லென்ஸ். பறவைப் படம் எடுக்கும் ஒருவரிடமிருந்து பழசாக வாங்கியது. நான்கு கிலோ எடை, முழங்கை நீளம். ஹல்த்வானியிலிருந்து அதைக் கொண்டு வந்தது அவன் பினா, அதாவது அக்கா புருஷன், லச்சம் சிங். குலுங்கினால் உடைந்துவிடும் என்று கேசர் சொல்லியிருந்ததால், அதை ரஜாய்ப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் பஸ்ஸில் வந்தார். பக்கத்து சீட்டுப் பாட்டி குழந்தையின் முகத்தைக் காட்டச் சொன்னதாகவும், இப்பதான் தூங்குது என்று தான் மறுத்துவிட்டதாகவும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கேசருக்குச் சுமை தூக்க வருவது தன்வீர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபாளத்துக்காரன். வாய் ஓயாது. கேசரை அண்ணன் முறை வைத்துத் தாஜு என்று கூப்பிடுவான். நீள லென்ஸுக்கு அவன் வைத்த பெயர் பீரங்கி.

"தாஜு, அரிசி மூட்டைன்னா வேகவெச்சாவது தின்னலாம். இந்தப் பீரங்கிய ஆறு வருஷமா சுமக்கிறேன், ஒரு காக்காயைக்கூட சுட்டுத் தரல" என்பான்.

அந்த வருஷம் ஒரு புது விஷயம் இருந்தது. கேசரின் அக்கா ருக்மாவும் லச்சம் சிங்கும் வழக்கமாகக் கீடாஜடி தேடப் போகும் புல்வெளியில் இரண்டு வருஷமாக ஒன்றும் அகப்படவில்லை. செத்த புழுவின் தலையில் முளைக்கும், பொன் விலை போகும் அந்தச் சின்னப் பூண்டு எங்கே கிளம்பும், எங்கே ஒளியும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அவர்கள் ஊரே திரண்டு நாகினியின் அடிவயிற்றில் இருக்கும் சுர்மா புல்வெளிக்கு வந்து கூடாரம் போட்டிருந்தது. அதாவது கேசர் நிற்கும் முகட்டுக்கு நேர் எதிரே. பறவைக்கு இரண்டு கிலோமீட்டர். மனுஷனுக்கு, ஆற்றில் இறங்கி, தெற்கே போய் மரப்பாலம் தாண்டி, மறுபடி ஏறி, ஒன்றரை நாள் நடை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ருக்மா ஒரு ஏற்பாடு செய்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் பீரங்கியை அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். அவள் சிவப்புச் சால்வையை ஆட்டுவாள். நீ பார்த்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவளே கேட்டாள். முகம் மழிக்கிற கண்ணாடியை வெயிலில் பிடித்து மின்ன வைக்கிறேன் என்றான் கேசர்.

முதல் நான்கு நாளும் அது நடந்தது. லென்ஸைத் திருப்பித் திரையில் பெரிதாக்கினால் கூடாரங்கள் தெரியும். பதினான்கு, நீலமும் ஆரஞ்சுமாக. சரிவெங்கும் ஆட்கள் குப்புறப் படுத்து, முகத்தைப் புல்லோடு ஒட்டி, முழங்கையால் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். முகம் தெரியாது. ஆனாலும் இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பதை வைத்து லச்சம் சிங்கைக் கேசர் கண்டுபிடித்துவிடுவான். நாலு மணிக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று எழுந்து நிற்கும், ஆடும். இவன் கண்ணாடியை மின்ன வைப்பான். இரண்டாம் நாள் அங்கிருந்தும் ஒரு மின்னல் வந்தது. லச்சம் சிங் சாப்பாட்டுத் தட்டை வெயிலில் திருப்பிக்கொண்டிருந்தார். தன்வீர் சிரித்துச் சிரித்துப் புரண்டான்.

ஐந்தாம் நாள் காலையில் கேசர் நீள லென்ஸில் நாகினியின் தொங்குபனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சிகரத்தின் தோளில், ஒரு பெரிய மாடிவீடு எட்டிப் பார்ப்பதுபோல் அந்தப் பனி எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆறு வருஷமாக இருந்தது. அன்று அதன் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய, கறுத்த கோடு. லென்ஸைக் கொஞ்சம் இறக்கினான். அதே சட்டத்துக்குள், பனிக்கு நேர் கீழே, கூடாரங்கள்.

லென்ஸை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிப் பார்த்தான். உடனே தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நீள லென்ஸ் தூரத்தை நசுக்கும். பின்னால் இருப்பதை இழுத்து முன்னால் இருப்பதன் தலையில் உட்கார வைக்கும். ஊரில் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும்போது பையன்களிடம் அவனே இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறான்; அரை மைல் தள்ளி நிற்கும் மலையை மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அகல லென்ஸ் கேமராவில் பார்த்தான். அதில் பனி எங்கோ, புல்வெளி எங்கோ. நடுவில் தாராளமாக இடம். கூடாரங்களே தெரியவில்லை. ஒரு லென்ஸ் பக்கத்தில் என்றது, ஒரு லென்ஸ் தூரத்தில் என்றது. அன்று அவன் தூரத்தில் என்றதை நம்பினான். சாயங்காலம் சால்வை ஆடியது, கண்ணாடியை மின்ன வைத்தான்.

ஆறாம் நாள் விடிந்ததும் முதல் வேலையாக முதல் நாள் எடுத்த படத்தைத் திரையில் வைத்து, அதே அளவில் புதிதாக ஒன்று எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்தான். முதல் நாள் படத்திலும் கோடு இருந்தது. மயிரிழைபோல. அப்போது அவன் கவனிக்கவில்லை. இப்போது அது கோடாக இல்லை, வாயாக இருந்தது. உள்ளே நிழல் விழுந்தது. கீழுதடு இறங்கியிருந்தது. நாகினி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், பனிக்கும் கூடாரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தாலும், இதில் லென்ஸின் பொய் எதுவும் இல்லை. ஒரே லென்ஸ், ஐந்து நாள் வித்தியாசம்.

தன்வீரைக் கூப்பிட்டுக் காட்டினான். தன்வீர் திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"எப்ப விழும், தாஜு?"

"தெரியல. இன்னிக்கு விழலாம். மழைக்காலம் வரைக்கும் தொங்கலாம்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க நேர் கீழ இருக்காங்க. அண்ணாந்து பார்த்தா பாறை விளிம்புதான் தெரியும். பனியே தெரியாது."

முகட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. ஆறு மணி நேரம் கீழே இறங்கினால் எல்லைப் படையின் முகாம். அங்கே வயர்லெஸ் உண்டு. தன்வீர் அந்தப் படங்கள் உள்ள கேமராவின் சின்ன அட்டையைச் சட்டைப் பையில் போட்டு ஊசி குத்திக்கொண்டு, ஒரு பிடி சத்து மாவை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட்டமாக இறங்கினான். கேசர் தானும் மறுபக்கம் இறங்கி அக்காவிடம் போகலாமா என்று யோசித்தான். போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகும். அதுவரை அவர்கள் ஒன்றும் தெரியாமல் கிடப்பார்கள். இங்கே நின்றால் இப்போதே, இந்த நிமிஷமே, ஏதாவது செய்து தெரியப்படுத்தலாமே என்று தோன்றியது. நின்றான்.

கண்ணாடியை எடுத்து வெயிலில் பிடித்தான். விடாமல் மின்ன வைத்தான். கொஞ்ச நேரத்தில் சரிவில் சிவப்புப் புள்ளி எழுந்தது. இவன் கண்ணாடியைக் கீழே போட்டு, பாறை மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் மேலே சிகரத்தின் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினான். ஓடிப்போய் லென்ஸில் பார்த்தான். அவள் சால்வையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லச்சம் சிங் இரண்டு கையையும் தூக்கி இடுப்பை ஆட்டினார். மச்சான் கல்யாண ஆட்டம் ஆடுகிறான் என்று நினைத்திருப்பார். அப்புறம் தட்டு மின்னியது. ஒருமுறை, இருமுறை. பிறகு இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். காலை நேரம், பூண்டு நன்றாகத் தெரியும் நேரம். விளையாட எங்கே பொழுது.

கேசர் கத்தினான். கத்தியது தன் காதுக்கே கேட்கவில்லை; கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. பச்சைத் தூபச்செடியை வெட்டிக் குவித்துத் தீ வைத்தான். வெள்ளைப் புகை கிளம்பி முகட்டோடு படிந்து பின்பக்கமாகப் போனது. முகட்டின் ஓரத்தில் கொஞ்சம் பழைய பனி கிடந்தது. கூடாரத்துணியைக் கத்தியால் கிழித்துக் கீற்றுகளாக்கி, அதன்மேல் "ஓடு" என்று பெரிய எழுத்தில் விரித்தான். எழுதி முடித்துப் பத்தடி பின்னால் வந்து பார்த்தபோதுதான், அங்கே யாரிடமும் பைனாகுலர்கூடக் கிடையாது என்பது உறைத்தது. அவனுக்கு அவர்கள் தெரிவதுபோல் அவர்களுக்கு அவன் தெரியமாட்டான். அவர்களுக்கு அவன் எதிர்முகட்டில் மின்னும் ஒரு புள்ளி. நாலு மணிக்கு வர வேண்டிய அந்தப் புள்ளி இன்று காலையிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு மேகம் ஆற்றுப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மூன்று கேமராக்களிலும் ஒரே வெள்ளை. உள்ளேயிருந்து எப்போதாவது பனி நெரியும் சத்தம் கேட்டது. கிழியாத துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்குப் பழக்கத்தில் கண்ணாடியைக் கையில் எடுத்தான். வெயில் இல்லை.

ஏழாம் நாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தொங்குபனி இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குள் தன்வீர் சொன்ன செய்தி போயிருக்கும், ஹெலிகாப்டர் வரும். அதுவரை தாங்கிவிடு, தாயே. அகல லென்ஸ் கேமராவைக் பாறை ஓரத்தில் முக்காலியில் வைத்து, ஐந்து செகண்டுக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி முடுக்கினான். முகாமிலிருந்து யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தான். பிறகு நீள லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கூடாரங்களில் அடுப்புப் புகை எழுந்தது. ஒருத்தி பாத்திரம் கழுவினாள். சால்வையைக் காணவில்லை. லச்சம் சிங் கூடாரத்துக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து காலணி போட்டுக்கொண்டிருந்தார். இடது காலை நீட்டி வைத்திருந்தார்.

ஏழு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பனி விட்டது.

சத்தமே இல்லை. சட்டத்தின் மேல்பகுதி மெல்லக் கீழே நகர்ந்தது, அவ்வளவுதான். கீழே ஆட்கள் தலையைத் தூக்கினார்கள். லச்சம் சிங் எழுந்து நின்றார். ஒரு காலில் காலணி. அவர் ஓடவில்லை, கூடாரத்துப் பக்கம் திரும்பி உள்ளே குனிந்தார். பிறகு வலப்பக்கத்திலிருந்து வெள்ளை வந்து சட்டம் முழுவதும் நிறைந்தது. அதற்கப்புறம்தான், எல்லாம் முடிந்த பிறகு, இடி முழக்கம் ஆற்றைத் தாண்டி வந்து கேசரின் நெஞ்சில் மோதியது. பின்னாலேயே காற்று வந்து கண்ணில் பனித்தூளை அடித்தது.

புழுதி அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெரிய ஆரம்பித்தபோது மேற்கு ஓரத்தில் மூன்று கூடாரங்கள் இருந்தன. ஆட்கள் நடமாடினார்கள். எண்ணினான், ஒன்பது. மறுபடி எண்ணினான், பதினொன்று. எல்லோரும் பனித்தூள் படிந்து ஒரே வெள்ளையாக இருந்தார்கள். சிவப்பு, நீலம் எதுவும் இல்லை. எல்லோருமே நொண்டி நொண்டித்தான் நடந்தார்கள்.

கேமராக்களை அப்படி அப்படியே போட்டுவிட்டு இறங்கினான்.

பாலத்தைத் தாண்டும்போது ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது. தன்வீர் முந்தின நாள் மத்தியானமே முகாம் போய்ச் சேர்ந்ததும், உடனே வயர்லெஸ் போனதும், மேகம் விலகாததால் கிளம்ப முடியாமல் அவர்கள் விடியலுக்குக் காத்திருந்ததும் அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் சுர்மாவில் ஏறினான். புல்வெளி இருந்த இடத்தில் வீடு வீடாகப் பனிக்கட்டிகள் கிடந்தன. ராணுவத்து ஆட்கள் நீளக் கம்பிகளைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லின்மேல், வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ருக்மா உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் எடுக்கப் பாறைக்குப் பின்னால் போயிருந்தாளாம். பாறை காப்பாற்றியது. அடிபட்டவர்களை ஹெலிகாப்டரில் கொண்டு போனபோது இவள் ஏற மறுத்துவிட்டாள். லச்சம் சிங் இன்னும் அகப்படவில்லை.

கேசர் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள்தான் முதலில் பேசினாள்.

"முந்தாநாள் காலைல கண்ணாடி காட்டினியே."

"ஆமா, தீதி."

"பையனுக்கு இன்னிக்கு என்ன இவ்வளவு குஷின்னு உன் பினா கேட்டாரு. வேலை இல்ல போலிருக்கு, நமக்கு இருக்குன்னு சொல்லி நான்தான் படுக்கச் சொன்னேன்."

"மேல பாரு, ஓடுன்னு காட்டினேன், தீதி."

"கையை ஆட்டினது தெரிஞ்சுது." அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னாள். "எதுக்குன்னு தெரியலடா."

லச்சம் சிங்கை மூன்றாம் நாள் எடுத்தார்கள். கையில் துணிப்பை இருந்தது. அதுவரை கிடைத்த பூண்டு எல்லாம் அதில்தான். அதை எடுக்கத்தான் குனிந்திருக்கிறார். அவரோடு ஆறு பேர். எல்லோரையும் ஆற்றங்கரையிலேயே எரித்தார்கள்.

கேசர் அதற்குப் பிறகு ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான். கோடு தெரிந்த ஐந்தாம் நாள் காலையிலேயே கிளம்பியிருந்தால் ஆறாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்திருப்பான். ஆறாம் நாள் காலை கிளம்பியிருந்தால் வழியில்தான் இருந்திருப்பான். ஆறாம் நாளைப் பற்றி அவன் மேல் குற்றம் இல்லை. ஐந்தாம் நாள் பகல் முழுவதும் அவன் அகல லென்ஸை நம்பிக்கொண்டிருந்தான். இதை அவன் மனைவியிடம் சொன்னான், தன்வீரிடம் சொன்னான். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

தன்வீர் கேமராக்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்திருந்தான். நீள லென்ஸ் கேமராவில் அந்தக் காலைப் படம் ஒன்றுகூட இல்லை. அவன் பொத்தானைத் தொடவே இல்லை. ஆனால் பாறை ஓரத்தில் வைத்த அகல லென்ஸ் தன் பாட்டுக்கு எடுத்துத் தள்ளியிருந்தது. நீல வானம், வெயில் படிந்த சிகரம், தோளிலிருந்து பூப்போல மலரும் வெள்ளை. ஆராய்ச்சி நிறுவனம் கேட்டது, கொடுத்தான். அவர்கள் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். இப்படி ஒரு வரிசை இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை என்றும் எழுதினார்கள். எப்படியோ அது வெளியே போய் ஊர் ஊராகச் சுற்றியது. டெல்லியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, எந்த லென்ஸ், எவ்வளவு அகலம் என்று கேட்டார். கேசர் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டு, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றார்.

ருக்மா ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். வேண்டாம் தீதி என்றான். எல்லாரும் பார்த்தாங்க, நான் பார்க்கக் கூடாதா என்றாள். கம்ப்யூட்டரில் போட்டான். அவள் திரைக்குக் கிட்டே போய், புல்லில் பூண்டு தேடுவதுபோலத் தேடினாள்.

"இதுல நாங்க எங்கடா?"

அவன் விரலை வைத்தான். அங்கே பச்சையும் பழுப்புமாக ஒரு தேய்ப்பு. பெரிதாக்கினான். கட்டம் கட்டமாகச் சிதறியது. இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். கட்டங்கள் பெரிதாயின.

"ஒண்ணுமே இல்லையே."

"இந்த லென்ஸ்ல தெரியாது, தீதி."

அவள் சரி என்று எழுந்து, கட்டு பிரித்த கையை நீவிக்கொண்டே, மாட்டுக்குப் புல் வைக்கணும் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அடுத்த ஏப்ரலில் நிறுவனம் வழக்கம்போல் கேட்டது. தன்னால் முடியாது என்று பதில் போட்டான். வேறு யாரையோ அனுப்பினார்கள். அந்த மாசக் கடைசியில் ருக்மா கூடாரத்துணியை முற்றத்தில் விரித்து ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவள் மகள் டேராடூனில் நர்ஸிங் படிப்பில் இரண்டாம் வருஷம், பணம் கட்ட வேண்டும். இந்தத் தடவை பூண்டு தேட மல்லா புல்வெளிப் பக்கம் போகிறார்களாம், ஊரோடு. போகாதே என்றான். ஸ்டுடியோவில் வந்து உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் ஊசியை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அங்க மேல பனி தொங்குதான்னு நீ போய்ப் பார்த்துச் சொல்லு, நான் போகல."

"மல்லாவுக்கு எதிர்ல முகடே இல்ல, தீதி. எங்கேயிருந்து பார்க்கறது?"

"அப்ப விடு."

மே ஐந்தாம் தேதி ஜீப் போகும் கடைசி ஊர் வரை அவனும் போனான். அங்கிருந்து நடை. மாவு மூட்டையைத் தூக்கி அவள் முதுகில் வைத்து, சுமையைத் தாங்கும் நெற்றிப்பட்டையைச் சரிசெய்துவிட்டான். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பேசிக்கொண்டும் இருமிக்கொண்டும் ஏறினார்கள். இரண்டாவது வளைவில் தேவதாரு மரங்கள் அவர்களை மறைத்தன. ஜீப்புக்காரன், கிளம்பலாமா என்று இரண்டு தடவை கேட்டான்.